லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்ல

கடலூர் பக்கம் துப்பாக்கி இருக்கற வீடுன்னா பெரிய பண்ணையார் வீட்டை மட்டும் நினைக்க வேணாம். பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆகி வந்து பேங்க்லயோ ஏடிஎம்முக்கு பணம் கொண்டு போற வண்டியிலயோ துப்பாக்கியோட காவல் இருக்கற கன்மேன் வேலைக்கு போறவங்க வீட்டுல இருக்கு, தாத்தா காலத்துல பயிர் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் வாங்குன பழைய கருமருந்து துப்பாக்கி இன்னும் இருக்கற வீடும் உண்டு. எங்க வீடு முதல் ரகம். அப்பா ராணுவத்துல இருந்து வந்தப்புறம் சொந்த லைசென்ஸ்ல ஒரு 12 போர் டபுள் பேரல், அதாவது ரெண்டு குழல் துப்பாக்கி வாங்கி ரொம்ப வருஷம் கன்மேனா இருந்தாரு, நான் அந்த துப்பாக்கி இருந்த வீட்டுலதான் வளர்ந்தேன்.

அப்பா கூட்டாளி ஒருத்தரோட மகன், எனக்கு தம்பி முறை, இப்ப புதுசா லைசென்ஸ் வாங்கியிருக்கான். போன்ல "அண்ணே, பரண் மேல துணி சுத்தி வச்சிட்டா போதும்ல"ன்னு கேட்டான். அவனுக்கு சொன்னத எல்லாருக்கும் சேர்த்து எழுதிடலாம்னுதான் இது, ஏன்னா பரண், கட்டிலுக்கு அடி, பீரோ மேல, அரிசி மூட்டைக்கு பின்னாடின்னு இதே பதில நான் நெறைய வீட்டுல கேட்டிருக்கேன்.

ஒளிச்சு வைக்கறது வேற, பூட்டி வைக்கறது வேற. தீபாவளிக்கு வாங்குன வெடிய எங்க ஒளிச்சாலும் ரெண்டு நாள்ல கண்டுபிடிக்கற பசங்கதான் நம்ம வீட்டுலயும் இருக்காங்க, துப்பாக்கி மட்டும் அவங்க கண்ணுக்கு தப்பிடுமா? நாம பார்க்காத நேரத்துல ஏறி பார்த்திருப்பாங்க, நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க, அவ்ளோதான். ஒளிச்சு வச்சா அது எங்க இருக்குன்னு தெரியாத வரைக்கும்தான் பாதுகாப்பு. பூட்டி வச்சா தெரிஞ்சாலும் எடுக்க முடியாது.

இதுல சட்டம் ரொம்ப தெளிவா இருக்கு. 1959 ஆயுதச் சட்டம், அதுக்கு கீழ 2016ல வந்த விதிகள், ரெண்டும் லைசென்ஸ ஒரு ஆளுக்குத்தான் குடுக்குது, குடும்பத்துக்கோ வீட்டுக்கோ இல்ல. அப்ளிகேஷன் போடறப்பவே பத்திரமா வச்சுக்குவேன்னு உறுதி எழுதிக் குடுக்கணும், துப்பாக்கிய பாதுகாப்பா கையாள பயிற்சி எடுக்கணும். லைசென்ஸ் நிபந்தனைய மீறினா அதுக்குன்னே தனியா 30ஆம் பிரிவு இருக்கு, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா அபராதம், ரெண்டும் சேர்த்தும் வரலாம். அஜாக்கிரதையால யாராவது செத்துட்டா அது ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோட 106ஆம் பிரிவு, அஞ்சு வருஷம் வரைக்கும். 2019ல திருத்தம் வந்து ஒருத்தருக்கு ரெண்டு துப்பாக்கிதான்னு ஆச்சு, முன்னாடி மூணு. லைசென்ஸ் காலமும் மூணு வருஷத்துல இருந்து அஞ்சா மாறுச்சு.

லைசென்ஸ் ஆளுக்குத்தான்ங்கறத மனசுல வாங்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். சாவியும் அந்த ஆளுகிட்டதான் இருக்கணும். எங்க அம்மாவுக்கு நாற்பது வருஷமா அந்தப் பொட்டி எங்க இருக்குன்னு தெரியும், சாவி எங்கன்னு தெரியாது. அம்மா மேல நம்பிக்கை இல்லாமயா? இல்ல. சாவி அம்மாகிட்ட இருந்தா யாராவது கேட்டு நச்சரிக்கலாம், மிரட்டலாம், அந்த பாரத்தை ஏன் அவங்க தலைல ஏத்தணும்னு அப்பா சொல்வாரு.

பீரோ விஷயத்துக்கு வரேன், எல்லாரும் சறுக்கற இடம் இதுதான். வீட்டுல ரொம்ப பத்திரமான எடம்னு நாம நினைக்கறது இரும்பு பீரோ. ஆனா பட்டுப் புடவை, பத்திரம், நகை, ரேஷன் கார்டு எல்லாம் அதுலதான் இருக்கு, அதனால வீட்டுலயே அதிகமா திறக்கற பூட்டும் அதுதான், சாவி சாமி படத்துக்கு பின்னாடி தொங்கும், கல்யாண சீசன்ல கதவே சாத்த மாட்டாங்க. போதாததுக்கு திருடன் வந்தா நேரா போறதும் அங்கதான். துப்பாக்கிக்கு அது சரிப்படாது. அதுக்கு உள்ள இருக்கற சின்ன லாக்கர் இருக்கே, அது தோட்டாவுக்கு நல்ல எடம், தனி சாவி இருந்தா. 12 போர் குழல் 28, 30 அங்குலம் இருக்கும், லாக்கர்ல நுழையாது, அதுவும் ஒரு வகைல நல்லதுதான், ரெண்டும் ஒரே எடத்துல சேராது.

பட்டாளத்துலயும் அப்படித்தான். ஆயுதம் வைக்கற அறைய "கோத்"னு சொல்வாங்க, துப்பாக்கி எல்லாம் அங்க வரிசையா, எண்ணி, கணக்கு எழுதி இருக்கும், தோட்டா வேற கட்டடத்துல. ரெண்டு பூட்டு, ரெண்டு எடம். அப்பா அதையே சின்னதா வீட்டுல பண்ணாரு. திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு வெல்டிங் பட்டறைல சொல்லி கனமான தகடுல நீளமா ஒரு பொட்டி அடிச்சு, உள்ளயிருந்து போல்ட் போட்டு செவுத்தோட இறுக்குனாரு. வெளியில இருந்து கழட்ட முடியாது, பொட்டியோட தூக்கிட்டும் போக முடியாது. தாழ்ப்பாள் வெளிய நீட்டிக்கிட்டு இல்லாம உள்ள அமுங்கி இருக்கற மாதிரி, கடப்பாரை குடுத்து நெம்ப வழி இல்லாம.

வைக்கறதுக்கு முன்னாடி குழல் வாய ஆளில்லாத பக்கம் திருப்பி, நெம்புகோல தள்ளி துப்பாக்கிய மடிச்சு திறந்து, ரெண்டு குழல்லயும் தோட்டா உக்கார்ற அறைய கண்ணால பார்க்கணும், அப்புறம் விரல விட்டும் பார்க்கணும். இப்பதான பார்த்தோம்னு விடக்கூடாது, கை மாறினா மறுபடியும் பார்க்கணும். டபுள் பேரல்ல ஒரு வசதி இருக்கு, குழலுக்கு அடியில இருக்கற முன்கட்டைய கழட்டினா குழல் தனி, கட்டை தனியா வந்துடும், மூணு பாகமா பிரிச்சு வச்சா சுட முடியாத இரும்பும் மரமும்தான். பிரிக்க வேணாம்னு நினைக்கறவங்க திறந்த நிலைல குழலுக்குள்ள ஒரு கேபிள் பூட்டு மாட்டலாம், அது இருக்கற வரைக்கும் துப்பாக்கி மூடவே மூடாது.

"திருடன் வந்தா அவசரத்துக்கு?"ன்னு கேக்கறவங்க இருக்காங்க. தலகாணிக்கு பக்கத்துல லோட் பண்ணி வச்சுக்கறாங்க. எனக்கு இது கொஞ்சமும் ஒப்பல. நடு ராத்திரி, கரண்ட் இல்ல, அரைத் தூக்கம், கதவு சத்தம், அது பாத்ரூம் போயிட்டு வர மகனா இருக்கலாம், கடைசி பஸ்ல வந்த மச்சானா இருக்கலாம். திருடன் பெரும்பாலும் வீட்டுல ஆள் இல்லாதப்பதான் வருவான், அப்ப அந்த துப்பாக்கியே அவன் கைக்கு போயிடும். காணாம போச்சுன்னா உடனே ஸ்டேஷன்ல சொல்லணும், தேடிப் பார்த்துட்டு நாளைக்கு போலாம்னு இருக்கக் கூடாது.

பழைய கருமருந்து துப்பாக்கி வச்சிருக்கவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். அதை மடிச்சு பார்க்க முடியாது, முன்னாடி வழியா மருந்தும் ஈயக் குண்டு ரவையும் திணிக்கறது, உள்ள என்ன இருக்குன்னு கண்ணுக்கு தெரியாது. தாத்தா செத்து இருபது வருஷம் ஆகியிருக்கும், அவரு குத்தி கெட்டிச்சு வச்ச மருந்து அப்படியே உள்ள கெடக்கும், சும்மா மாட்டி வச்ச பழைய சாமான்னு பேரன் எடுத்து விளையாடுவான். காலி துப்பாக்கியா இருக்கறப்பவே மருந்த கெட்டிக்கற கம்பிய அடி வரைக்கும் விட்டு குழல் வாய்கிட்ட வர எடத்துல கம்பில ஒரு கோடு போட்டு வச்சுக்கறது பழைய ஆளுங்க வழக்கம், அடுத்த தடவ விடறப்ப கோடு வெளிய நின்னுச்சுன்னா உள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம். அப்படி நின்னா நீங்களே நோண்டாதீங்க, அது லைசென்ஸ் வச்சிருக்கற துப்பாக்கி டீலர்கிட்டயோ போலீஸ் ஸ்டேஷன்லயோ சொல்லி அவங்க பார்க்க வேண்டிய வேலை. கருமருந்து ஒரு தீப்பொறிக்கே பத்திக்கும், ஈரத்தையும் இழுக்கும், அதையும் அதை பத்த வைக்கற சின்ன கேப் மூடியையும் ஒரே டப்பால போட்டு வைக்கறத பார்த்தா எனக்கு வயித்த கலக்குது.

அடுத்தது நம்ம கடல் காத்து. வெளியூர்க்காரங்க எழுதற குறிப்புல இது இருக்காது. உப்புக் காத்துல ஐப்பசி கார்த்திகைல ஜன்னல் கம்பியே துரு ஏறுது, துப்பாக்கிக் குழல் என்ன ஆகும். தோல் உறை, ரெக்சின் உறை, ஸ்பாஞ்ச் வச்ச பொட்டி எல்லாம் எடுத்துட்டுப் போகத்தான், அதுலயே மாசக்கணக்கா வச்சா ஈரத்தை புடிச்சு வச்சு துப்பாக்கிய தின்னுடும். உறை இல்லாம, மெல்லிசா எண்ணெய் தடவி, விரல் ரேகை துடைச்சு, பொட்டில சிலிக்கா ஜெல் பை போட்டு வைங்க, அந்தப் பையையும் அப்பப்ப காய வச்சு மாத்தணும். தோட்டா வாங்குன அட்டைப் பெட்டியிலயே, காத்து புகாத டப்பால, அடுப்படி பக்கமும் சாமி விளக்கு பக்கமும் இல்லாம இருக்கணும். காகித தோட்டா ஈரத்துல உப்பிடும், பித்தளை அடிப்பக்கம் பச்சை பூக்கும். அதை வெயில்ல காய வச்சு சுட்டுப் பார்க்கறது, குப்பைல போடறது, கடல்ல எறியறது எதுவும் வேணாம், டீலர்கிட்டயோ ஸ்டேஷன்லயோ ஒப்படைங்க. எத்தன தோட்டா வச்சிருக்கலாம்னு லைசென்ஸ்லயே எழுதியிருக்கும், அதுக்கு மேல ஒண்ணு இருந்தாலும் அது லைசென்ஸ் இல்லாத தோட்டாதான்.

வெள்ளம் இன்னொரு கவலை. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல எத்தன வீட்டு கூரை போச்சுன்னு நமக்குத் தெரியும், 2015 மழை, 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை ஏறி அடுத்த ரெண்டு நாள்ல தென்பெண்ணை பெருக்கெடுத்து வந்தது, எல்லாம் நம்ம தெருவுலதான். பொட்டிய தரையோட வைக்காம இடுப்பு உயரத்துக்கு மேல அடிங்க. தாழ்வான பகுதின்னா புயல் எச்சரிக்கை வந்ததுமே ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோ ஒப்படைச்சு ரசீது வாங்கிடறது நல்லது, பத்திரத்துக்காக நாமளா ஒப்படைக்க விதியிலயே எடம் இருக்கு. சனம் நெருக்கமா படுத்திருக்கற நிவாரண முகாமுக்கு துப்பாக்கிய தூக்கிட்டு போகாதீங்க. லைசென்ஸ் புத்தகத்தை மட்டும் பாலித்தீன் கவர்ல போட்டு கையோட எடுத்துக்கங்க. பிள்ளைங்கள பார்க்க வெளியூர் போய் மாசக்கணக்கா இருக்கறவங்களுக்கும் இதே வழிதான்.

நம்ம ஊருக்குன்னே இன்னொரு சிக்கல், பார்டர். கடலூர்ல இருந்து பாண்டிக்கு அரை மணி நேரம், முள்ளோடை தாண்டுனா வேற நிர்வாகம், ஆனா நாம காய்கறி வாங்க போற மாதிரி போயிட்டு வரோம். லைசென்ஸ்ல எந்த எல்லை வரைக்கும் செல்லும்னு எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்குள்ள மட்டும்னு இருந்தா துப்பாக்கியோட அந்தப் பக்கம் போகக் கூடாது, பாகூர்ல மாமியார் வீடு இருந்தாலும் சரி. வீடு மாத்தினாலும் லைசென்ஸ் குடுத்த அதிகாரிக்கு சொல்லணும். ரிப்பேருக்கு மகன்கிட்ட குடுத்து அனுப்பணும்னா கைப்பட எழுதுன கடிதம் இல்லாம அனுப்பாதீங்க, சட்டம் அந்த கடிதத்தோடதான் அனுமதிக்குது.

தேர்தல் வந்தா ஒப்படைக்க சொல்வாங்க, பேங்க் காவல்ல இருக்கவங்க விலக்கு கேக்கலாம். ஒப்படைக்கறப்ப எண்ணெய் கொஞ்சம் தாராளமா தடவிக் குடுங்க, திரும்பி வர மாசக்கணக்காகும். ரசீதுல துப்பாக்கி நம்பர் சரியான்னு அங்கயே பார்த்துடுங்க.

கடைசியா, வீட்டுல பேசவே தயங்கற விஷயம். லைசென்ஸ் வச்சிருந்தவர் இறந்துட்டா அந்த நிமிஷத்துல இருந்து அந்த துப்பாக்கிய வச்சுக்க வீட்டுல யாருக்கும் உரிமை இல்ல. 21ஆம் பிரிவு தாமதம் இல்லாம பக்கத்து ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோ ஒப்படைக்க சொல்லுது. கருமாதி முடியட்டும், சொத்து பிரிக்கட்டும்னு தள்ளிப் போட்டு, அப்பா ஞாபகமா இருக்கட்டும்னு வச்சுக்கிட்டு, கடைசில பாவம் அந்த அம்மா மேல கேஸ் வந்து நிக்கற நிலைமைய நாமளே உண்டாக்கக் கூடாது. ஒப்படைச்சா போயிடுமோன்னு பயம் வேணாம், வாரிசு லைசென்ஸ் வாங்கி திரும்ப எடுத்துக்கலாம், விக்கவும் செய்யலாம். உசுரோட இருக்கறப்பவே மாத்தவும் 2016 விதியில வழி இருக்கு, 70 வயசு ஆகியிருந்தாலோ 25 வருஷம் வச்சிருந்தாலோ வாரிசு பேர்ல கேக்கலாம்.

அப்பா என்னை கேட்டாரு. எனக்கு வேணாம்னுட்டேன், எனக்கு அதுக்கான வேலை இல்ல, என் பசங்களுக்கு பத்து வயசு கூட ஆகல. அவரும் சரின்னு சொல்லி விக்கறதுக்கு கலெக்டர் ஆபீஸுக்கு எழுதிக் குடுத்திருக்காரு, தனியாளுக்கு விக்கறதுன்னா எழுதிக் குடுத்து 45 நாள் கழிச்சுதான் கை மாத்த முடியும். அது வரைக்கும் லைசென்ஸ் நம்பர், துப்பாக்கி நம்பர், எந்த ஸ்டேஷன், எந்த டீலர், ரெண்டாவது சாவி யார் பேர்ல எந்த பேங்க் லாக்கர்ல இருக்குன்னு ஒரு தாள்ல எழுதி வீட்டுப் பத்திரத்தோட வச்சிருக்காரு. அம்மாவ ஒரு தடவ படிச்சுக் காட்ட சொன்னாரு, டீலர் கடை பேரு மட்டும் சரியா படிக்க வரல, அதை பெரிய எழுத்துல மாத்தி எழுதினோம்.