கரையும் சாரம்

என் மாணவி ஒருத்தி கொண்டுவந்த மூட் போர்டை, அதாவது டிசைன் யோசனையைக் காட்டும் அட்டையை, பார்த்ததும் எனக்குச் சலிப்புதான் வந்தது. கறுப்பு அட்டையில் வெள்ளி மார்க்கரால் ஒரு வலை. மையத்திலிருந்து விரியும் எட்டு ஆரங்கள், அளந்து வைத்தது போல வளையங்கள், மூலையில் தொங்கும் ஓர் எட்டுக்கால் பூச்சி. டெக்ஸ்டைல் டிசைன் வகுப்பில் 'இயற்கை' என்று தலைப்புக் கொடுத்தால் இலை வரும், மயிலிறகு வரும், பட்டாம்பூச்சி வரும், கடைசியில் சிலந்தி வலையும் வந்துவிடும்.

"நிஜ வலையைப் பார்த்து வரைஞ்சியா?"

"இல்ல மேடம். வலை எப்படி இருக்கும்னு தெரியுமே."

தெரியும், எல்லாருக்கும் தெரியும். சிக்கலே அங்கேதான். ஒரு டார்ச், ஒரு கறுப்புத் துணி, தண்ணீர் தெளிக்கும் பாட்டில் மூன்றையும் கையில் கொடுத்து, ஒரு வாரம் எதையும் வரையக் கூடாது என்று அனுப்பினேன். பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து, பூப்போல் தண்ணீர் தெளித்தால் கண்ணுக்குத் தெரியாத இழையும் தெரியும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனாள்.

திரும்பி வந்தபோது நோட்டு முழுக்கக் கணக்கு. ஒரு வலையில் 27 ஆரங்கள், எந்த இரண்டு கோணமும் ஒன்றுபோல இல்லை. அவளை அதிகம் தொந்தரவு செய்தது வேறொன்று. "மையம் நடுவுல இல்ல மேடம். மேல தள்ளி இருக்கு." உண்மைதான். நிமிர்ந்து நிற்கும் வட்ட வலைகளில் பெரும்பாலும் கீழ்ப்பாதிதான் பெரிது. சிலந்தி தலைகீழாகக் காத்திருக்கிறது. மேலே ஏறுவதைவிடக் கீழே ஓடுவது அதற்குச் சுலபம். இரை எட்டும் பக்கம் வலையும் நீள்கிறது.

அந்தக் கோணல் வலையை ஹாஃப் டிராப் ரிபீட்டில், அதாவது பக்கத்து வரிசை பாதி உயரம் கீழே இறங்கும்படி திரும்பத் திரும்ப வைத்து, ஸ்க்ரீன் பிரிண்ட் எடுத்தாள். நன்றாகவே வந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தாலும் மதிப்பெண் கிடைத்திருக்கும். எனக்குத்தான் உறுத்தியது: நூலால் ஆன ஒரு பொருளின் படத்தை, நூலால் ஆன இன்னொரு பொருளின் மேல் மையால் அச்சடிக்கிறோமே!

அந்த உறுத்தலில் நான் ஒரு தவறு செய்தேன். 2012இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வைத்த பொன்னிற அங்கியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மடகாஸ்கரில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திகளிடமிருந்து எடுத்த இழையால் நெய்தது. சாயமே ஏற்றவில்லை, இழையின் நிறமே பொன். அவ்வளவுதான், சிலந்திப் பட்டு எங்கே கிடைக்கும் என்று தேடுவதிலேயே இரண்டு வாரம் போயிற்று. பட்டுப்புழு போலச் சிலந்திகளைக் கூட்டமாக வளர்க்க முடியாது, ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் இயற்கை ஆய்வாளர் ரெயோமூர் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். அங்கியைப் பற்றிப் பேசிய வாயால் இதையும் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு உருவத்தை விட்டுவிட்டு வேலையின் வரிசையைப் பார்க்கத் தொடங்கினோம். காற்றில் மிதந்துபோய் ஒட்டும் முதல் இழை. அதைத் தொடர்ந்து சட்டம், ஆரங்கள். அடுத்து மையத்திலிருந்து வெளிநோக்கி, அகன்ற இடைவெளியில், ஒட்டாத நூலால் ஒரு சுருள். அது இரைக்கானதல்ல, ஆரங்களைப் பிடித்து நிறுத்தவும், சிலந்தி நடந்து போகவும் கட்டும் சாரம். பசையுள்ள உண்மையான சுருளை வெளியிலிருந்து உள்நோக்கிப் போட்டுக்கொண்டு வரும்போது, அந்தச் சாரத்தை வெட்டி எடுத்துக்கொண்டே வருகிறது. முடிந்த வலையில் சாரம் இல்லை.

"நமக்கும் அப்படி ஒண்ணு வேணும் மேடம். தைச்சு முடிச்சதும் காணாமப் போகணும்."

எம்பிராய்டரி அலமாரியில் தண்ணீரில் கரையும் ஃபிலிம் இருந்தது. ஃபிரேமில் இழுத்துக் கட்டி, மெஷினில் துணி நகர்த்தும் பல்லைக் கீழே இறக்கிவிட்டு, கையால் ஃபிரேமை நகர்த்தியே 27 ஆரங்களையும் சுருளையும் தைத்தாள். மூன்று நாள் வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டதும் ஃபிலிம் கொழகொழவென்று ஆகி நழுவியது. கூடவே வலையும் சுருண்டது. சீப்பில் சிக்கிய முடிபோல ஓர் உருண்டை!

காரணம் எளியது. மெஷினின் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளுமே தவிர, குறுக்கே போகும் இன்னொரு தையலைப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சிலந்தியோ ஒவ்வோர் ஆரத்திலும் நின்று ஒட்டிவிட்டுத்தான் நகர்கிறது. 1973இல் ஒரு பள்ளி மாணவியின் யோசனையை ஏற்று ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குச் சிலந்திகளை அனுப்பினார்கள், அராபெல்லா என்ற சிலந்தியின் முதல் முயற்சி குளறுபடி, பிறகு ஒழுங்காகக் கட்டியது என்று ஆறுதலுக்குச் சொன்னேன். "அதுக்கு சப்மிஷன் தேதி இல்ல மேடம்" என்றாள்.

அடுத்த முறை ஆரங்களை இரண்டு தடவை போய்வந்து தைத்தாள். சுருள் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் நாலு ஜிக்ஜாக் தையல். ஆரத்துக்குப் பாலியெஸ்டர், சுருளுக்குப் பாபினில் (அடிநூல் சுற்றும் உருளை) மெல்லிய எலாஸ்டிக் நூல், அதைக் கையாலேயே சுற்ற வேண்டும். வலையிலும் அப்படித்தான். ஆரம் விறைப்பு, பசைச்சுருள் நன்றாக நீளும். அதனால்தான் மோதிய பூச்சி எகிறிப் போகாமல் மாட்டுகிறது. பனித்துளி போலக் கண்ணாடி மணி கோக்கலாம் என்றேன். கோத்தாள். மணியின் கனத்தில் கீழ்ப்பாதி தொய்ந்ததும் என்னைக் கேட்காமலே பிரித்துவிட்டாள். அவள் செய்ததுதான் சரி.

ஓரங்கள் விறைப்பாக நின்ற வித்தையை அவளே கண்டுபிடித்தாள். முழுக்க அலசாமல் விட்டால் ஃபிலிம் கஞ்சிபோல நூலில் தங்கிவிடும். நடுப்பகுதியை நன்றாக அலசி, சட்டத்தை மட்டும் அரைகுறையாக விட்டாள்.

மதிப்பீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் "இதுல சிலந்தி எங்கம்மா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் ஒரு துண்டை அவர் கையில் கொடுத்தாள். இழுத்தார். விட்டதும் சுருங்கியது. இன்னொரு முறை இழுத்தார். பக்கத்தில் இருந்தவரும் கை நீட்டினார். மதிப்பெண் சுமாராகத்தான் விழுந்தது. அந்த உருண்டையையும் சேர்த்துக் காட்சிக்கு வைத்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வைக்கச் சொன்னது நான்.

அடுத்த ஆண்டின் முதல் வகுப்பன்று ஒருவன் தேன்கூட்டோடு வந்தான். அறுகோணங்களை ஸ்கேல் வைத்து வரைந்திருந்தான்.