அனுமதிப் பிளானுக்கு வெளியே

2024 பெப்ரவரி 11

யாழ்ப்பாணத்தில் கந்தர்மடத்திலிருந்து சுன்னாகம் வரை எல்லோருக்கும் நான் 'பிளான் கீறுற அக்கா'. இரண்டு மாடி, கார் நிறுத்த இடம், சபை அனுமதிக்கு வேண்டிய தாள்கள். குடும்பம் இந்தத் தொழிலில்தான் நிற்கிறது. ஆனால் 2022இல் சீமெந்து விலை ஏறிய பிறகு புது வீடு கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கணினி வைத்திருக்கும் பெடியள் பாதிக் காசுக்குக் கீறிக் கொடுக்கிறார்கள். இனி என்னை வேறு விதமாகவும் சனத்துக்குத் தெரியவேண்டும்.

எனக்கு ஆசை பழைய நாற்சார் வீடுகளில். இன்று அளவெட்டியில் ஒரு வீட்டை அளந்தேன். யாரும் கேட்ட வேலை இல்லை, காசும் இல்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி வாசலிலேயே மறித்தார். "பிள்ளை, இடிக்கவோ அளக்கிறீர்?"

"இல்லை ஆச்சி, இருக்கிறபடியே கீறி வைக்கப் போறன்."

பிளான் கீறுகிறவள் வந்தால் வீடு இடிபடப் போகிறது என்றுதான் ஊர் நினைக்கிறது. அதில் நியாயமும் உண்டு. பிறகு ஆச்சியே நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். நடு முற்றம், சுற்றிவர விறாந்தை, பனஞ்சிலாகை, அதாவது பனைமரச் சட்டம், போட்ட கூரை. ஓர் அறைக்குக் கதவே இல்லை. 1995 இடப்பெயர்வு முடிந்து திரும்பி வந்தபோது அது காணாமல் போயிருந்ததாம்.

மார்ச் 2

கீறி முடித்த படங்களை இவரிடம் காட்டினேன். "வடிவாத்தான் இருக்கு. ஆர் காசு தருவினம்?" என்றார். கேள்வி சரி. எங்களை நெருங்கித் தெரிந்தவர்கள் யாரிடம் இருந்தும் இதற்குப் பதில் வராது என்றுதான் எனக்குப் படுகிறது. சொந்தக்காரரும் பழைய வாடிக்கையாளரும் அனுப்புவது அதே அனுமதிப் பிளான் வேலைதான். என்னை அப்படியே பார்த்துப் பழகிவிட்டார்கள்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970களில் இதை ஆராய்ந்திருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் ஏறத்தாழ 17 சதவீதத்தினருக்கே அடிக்கடி சந்திக்கிற ஒருவர் வழியாக அது வந்தது. மற்றவர்களுக்கு எப்போதாவதோ அரிதாகவோ பார்க்கிற ஆட்கள்தான் உதவியிருக்கிறார்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி எங்களுக்கும் ஏற்கெனவே தெரியும் அல்லவா! எனவே படங்களை அரைகுறையாக அறிமுகமானவர்களிடம் கொண்டுபோக வேண்டும்.

மார்ச் 24

சனசமூக நிலையத்தில் இன்று படங்களைத் தொங்கவிட்டுப் பேசினேன். அனுமதிப் படிவம் பற்றி எவ்வளவும் பேசுவேன், இதைப் பற்றி ஆட்கள் முன்னால் பேசியது முதல் தடவை. ஓய்வுபெற்ற அதிபர், விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர், கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த ஒரு குடும்பம் என்று நான் எதிர்பாராத ஆட்கள் வந்திருந்தார்கள்.

சட்டத்தைச் சொன்னபோது முகங்கள் மாறின. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றைத்தான் தொல்பொருளாகக் கொள்கிறது. எங்கள் நாற்சார் வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. தனியாக அறிவித்தால் ஒழிய அவற்றுக்குக் காவல் இல்லை, வீட்டு உரிமையாளர் நினைத்தால்தான் உண்டு.

அப்புறம் சுண்ணாம்பு. இதில் நேரம் போனதே தெரியவில்லை. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே எடுத்து வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் போக வழியில்லை. உப்புப் பூத்து, பூச்சு கழன்று, கல்லும் உதிரத் தொடங்கும். "அப்ப எங்கட வீட்டுச் சுவர் அதாலதானோ?" என்று பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா கேட்டார். வீட்டைப் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்றேன். "வந்து பாருங்கோ" என்றார். எனக்கு அன்றைக்கு அதுவே பெரிது.

ஏப்ரல் 7

வேலை வந்துவிட்டது. கனடாக் குடும்பத்துக்கு வட்டுக்கோட்டையில் ஒரு நாற்சார் வீடு இருக்கிறது. அதை விருந்தினர் விடுதியாக்க விரும்புகிறார்கள். முற்றத்தை மூடி ஏசி போடலாமா என்று கேட்டார்கள். மூடினால் நடுவீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் போய்விடும் என்று விளக்கினேன். முதலில் இருக்கிறபடி அளந்து கீறி, பழுது எங்கே என்று எழுதித் தருவேன், அதன் பிறகுதான் மாற்றம் பற்றிப் பேசலாம் என்றேன். இந்த அளவைக்கும் அறிக்கைக்கும் தனிக் கட்டணம். இலவசமாகச் செய்தால் பொழுதுபோக்கு என்றே எடுப்பார்கள். ஒத்துக்கொண்டார்கள், பாதி முற்பணமும் போட்டார்கள்.

அனுமதிப் பிளான்களை விடவில்லை, விடவும் மாட்டேன். காலையில் அவை, பின்னேரம் இது.

சுண்ணாம்புச் சாந்து பூசத் தெரிந்த மேசன் ஐயா ஒருவரை விடுதிக்காரர் சொல்லி அனுப்பினார். வயதானவர், ஆனால் கை உறுதி. "பிள்ளை, சுண்ணாம்பை ஊறப்போட்டுப் பொறுக்கவேணும், அவசரப்படுத்தாதையுங்கோ" என்றார். வரும் செவ்வாய் அவரையும் கூட்டிக்கொண்டு வட்டுக்கோட்டைக்குப் போகிறேன். ஏணி ஒன்று வேண்டும், கூரையின் வடக்குப் பக்கச் சிலாகைகளைத்தான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும்.