பவானி ஜமக்காளமும் பதிவேட்டில் ஏறாத பெயர்களும்

பவானி ஜமக்காளத்துக்கு, ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருளின் பெயரைச் சட்டப்படி காக்கும் புவிசார் குறியீடு 2005-06ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. அதற்கும் முன்பே, 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் ஜமக்காளம் கைத்தறிக்கு மட்டுமே உரிய ரகங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்தது. ஆகவே, பொருளுக்கு அங்கீகாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நெய்கிறவருக்கு அது எந்த அளவு வந்து சேர்ந்திருக்கிறது என்பதே என் கவலை.

அகலமான ஜமக்காளத்தை ஒருவர் தனியாக நெய்வது கடினம். குழித்தறியில் இருவர் அருகருகே அமர்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை (ஊடை நூலைக் கொண்டுசெல்லும் கருவி) மற்றவர் வாங்கித் திருப்பி அனுப்ப, பட்டை பட்டையாக வண்ணம் ஏறும். கணவனும் மனைவியுமாக அப்படி அமர்ந்து நெய்யும் வீடுகள் உண்டு. அங்கே கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை கணவர் பெயரில் மட்டும் இருந்தால், சரிபாதி உழைத்த பெண் கணக்கில் வெறும் துணையாள் ஆகிவிடுகிறார். ஓய்வூதியமோ காப்பீடோ எது வந்தாலும், முதலில் கேட்கப்படுவது அட்டைதானே!

1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்ட உற்பத்தியாளருக்கு, அந்தப் பெயரை முறைகேடாகப் பயன்படுத்துவோர் மீது வழக்குத் தொடுக்கும் உரிமையைத் தருகிறது. விசைத்தறி விரிப்பைப் பவானி ஜமக்காளம் என்று விற்பவரைத் தடுக்க, கூலிக்கு நெய்பவர் கையிலும் அந்த உரிமை இருந்தாக வேண்டும். அதற்குச் சங்கங்களே முன்னின்று, தறிக்கு ஒரு பெயர் என்றில்லாமல், தறியில் அமரும் இருவர் பெயரையும் பதிய வேண்டும். பதிவுக் கட்டணத்தை அரசே ஏற்க வேண்டும்.