டைம்ஷீட்டில் ஏறாத நேரம்

விளம்பர ஏஜென்சியில் வேலை பார்த்தேன் என்றாலே கத்துகிற பாஸ் கதையைத்தான் எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். எங்கள் பாஸ் யாரிடமும் கத்தியதில்லை. பிறந்தநாளைக்கூட மறக்க மாட்டார். அநியாயம் நடந்ததெல்லாம், தினம் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தோம் என்று எழுதிக்கொடுக்கிற டைம்ஷீட்டில்தான்.

கிளையண்ட் மாதாமாதம் ஒரு தொகை தருவார், அதற்கு இத்தனை மணி நேர வேலை என்று பேச்சு, அதுதான் ரீட்டெய்னர். ஆனால் சாயங்காலம் "சின்ன மாற்றம்தான்" என்று ஒரு மெயில் வரும், லோகோவைப் பெரிதாக்கு, அப்புறம் பழையபடியே வை, எல்லா அளவிலும் மறுபடி அனுப்பு என்று அது நள்ளிரவு வரை இழுக்கும். அந்த நேரத்தை அப்படியே எழுதினால் அந்த அக்கவுண்ட், அதாவது அந்தக் கிளையண்டின் வேலை, நஷ்டத்தில் ஓடுவது மேலே தெரிந்துவிடும், யாராவது கிளையண்டிடம் போய்க் கூடுதல் பணம் கேட்க வேண்டிவரும். அதனால் "8 மணி நேரம்னு போட்டுடுங்க" என்பார் மேனேஜர், சிரித்துக்கொண்டே. தொழிற்சாலைகளுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919-லேயே உடன்படிக்கை போட்டுவிட்டது. எங்களுக்கு அது தாளில் மட்டும் தினமும் தவறாமல் நடந்தது!

இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பொய்க் கணக்கை வைத்துத்தான் அடுத்த வருட ஒப்பந்தமும் போடுவார்கள். இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டால், "ஷீட்ல எல்லாருக்கும் 8தானே இருக்கு" என்று பதில் வரும். நாங்களே எழுதிக்கொடுத்த சாட்சி, என்ன பேச முடியும்?

புது கிளையண்டைப் பிடிக்கிற பிட்ச் வேலை சிலருக்கே போகும், அப்ரைசலில் பேசப்படுவதும் அதுதான். தினசரி வேலையைச் சுமக்கிறவர்கள் பெயர் எங்கும் வராது. இரவெல்லாம் உட்கார்ந்து ஒரு கேம்பெயினை முடித்துக்கொடுத்த டிசைனரின் பெயர் விருதுக்கு அனுப்பிய பட்டியலில் இல்லை. கேட்டதற்கு, "ஐடியா அவங்களோடது இல்லையே" என்றார்கள். சரி, ஐடியா மட்டும் பேனரில் ஏறி உட்கார்ந்துகொண்டதா?

அப்புறம் நானும் அந்த டிசைனரும் உண்மையான நேரத்தையே எழுத ஆரம்பித்தோம். ஃபைனான்ஸிலிருந்து போன் வந்தது, மேனேஜர் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அடுத்த ஒப்பந்தத்தில், 3 திருத்தங்களுக்கு மேல் போனால் தனிக் கட்டணம் என்று ஒரு வரி சேர்ந்தது. நாங்கள் கேட்ட அந்த இன்னொரு ஆளை மட்டும் நான் கிளம்பும்வரை தரவில்லை.