ஜங்குக்கின் பிறந்தநாளுக்குக் கூடியவர்கள்

கொரிய பாப் இசைக் குழுவான பிடிஎஸ்ஸின் ஏழு பாடகர்களில் இளையவரான ஜங்குக், 1997 செப்டம்பர் 1 அன்று தென் கொரியாவின் பூசான் நகரில் பிறந்தவர். 2025இல் அந்தத் தேதி திங்கட்கிழமையாக அமைந்ததால், சென்னை ரசிகர்கள் சிலர் முந்தைய நாளான ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலேயே அண்ணா நகரில் ஒரு காப்பிக் கடையின் மாடியில் கூடிக் கொண்டாடினார்கள், நானும் சென்றிருந்தேன். 2023 டிசம்பரில் கட்டாய ராணுவப் பணியில் சேர்ந்து 2025 ஜூன் 11 அன்று விடுபட்டு வந்த அவருக்கு அதன்பின் வரும் முதல் பிறந்தநாள் என்பதால், மாடிப்படி ஏறும்போதே எல்லோருடைய முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது.

பாடகரின் பிறந்தநாளன்று ரசிகர்களே ஒரு காப்பிக் கடையைப் பேசிவைத்து, அவருடைய படம் அச்சிட்ட காகித உறையைக் கோப்பையில் சுற்றித் தருவது கொரியாவில் தொடங்கிய வழக்கம். இதில் அவருடைய நிறுவனத்திற்கு எந்தப் பங்கும் இல்லை. அன்றைய கூட்டத்தை நடத்தியவர்கள் கல்லூரி மாணவிகளும் அண்மையில் வேலைக்குச் சேர்ந்த பெண்களும்தான். உறையின் ஓவியத்தை அவர்களே வரைந்து, அச்சகத்துக்கு அலைந்து, கடைக்காரரிடம் வாடகை பேசி, நுழைவுக் கட்டணமாக வந்த பணம் எதற்கெல்லாம் செலவானது என்று ஒரு தாளில் எழுதிக் கதவருகிலேயே ஒட்டியிருந்தார்கள். ரசிகைகள் என்றாலே கூச்சலிடுபவர்கள் என்று எண்ணுகிறவர்கள் அந்தத் தாளைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு மேசை முழுவதும் ஃபோட்டோகார்டு, அதாவது ஆல்பத்தோடு வரும் பாடகரின் சிறு பட அட்டை, மாற்றிக்கொள்பவர்களுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. ஆல்பத்துக்குள் எந்த அட்டை இருக்கும் என்பது பிரித்துப் பார்க்கும்வரை தெரியாது. ஆகவே விரும்பிய அட்டை கிடைக்க இன்னொரு ரசிகரின் தயவு வேண்டும். 2023 நவம்பரில் வெளியான 'கோல்டன்' ஆல்பத்தின் அட்டைகளைத்தான் அன்று அதிகம் பேர் தேடினார்கள். பள்ளிச் சீருடை வயதுள்ள ஒரு பெண்ணிடம் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை என்று அறிந்த ஒருவர், தம்மிடம் இரண்டாக இருந்த அட்டையில் ஒன்றை எதுவும் பெற்றுக்கொள்ளாமல் கொடுத்தார்.

வந்தவர்கள் ஜங்குக்கின் ரசிகர்களான கதையைக் கேட்பது எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்ரீபெரும்புதூர் அருகே கொரியக் கார்த் தொழிற்சாலையில் அப்பா வேலை செய்ததால் சிறுவயது முதலே கொரியப் பெயர்களைக் கேட்டு வளர்ந்ததாக ஒரு பெண் சொன்னார். கால்பந்தைத் தவிர வேறெதிலும் ஆர்வமில்லாதிருந்த ஒரு தம்பி, 2022 நவம்பர் 20 அன்று கத்தார் உலகக் கோப்பைத் தொடக்க விழாவில் ஜங்குக் 'டிரீமர்ஸ்' பாடியதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அன்றிரவே அவருடைய பிற பாடல்களைத் தேடத் தொடங்கியிருக்கிறார்.

பிறகு திரையை அணைத்துவிட்டு 'ஸ்டில் வித் யூ' பாடலை ஒலிக்கவிட்டார்கள். 2020 ஜூனில், கொரோனாவால் கச்சேரிகள் நின்றுபோயிருந்த நாட்களில், ரசிகர்களுக்காக அவர் இலவசமாக வெளியிட்ட பாடல் அது. மழை ஓசையோடு தொடங்கும். அவருடைய குரலின் சிறப்பு உச்சத்தைத் தொடுவதில் இல்லை, மூச்சும் சுரமும் பிரியாமல் மெல்லிய இடங்களிலும் சுருதி தளராமல் நிற்பதில் இருக்கிறது என்பது என் கருத்து. வீட்டில் காதொலிப்பானில் எத்தனையோ இரவுகள் கேட்ட அந்தப் பாடலை, அதன் ஒவ்வொரு இடைவெளியையும் அறிந்தவர்களோடு ஓர் அறையில் அமர்ந்து கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

அதன் பின்னர் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். பிடிஎஸ் பாடல்களின் இடையே ரசிகர்கள் ஒருமித்துச் சொல்லும் முழக்கம் ஒன்று உண்டு: கிம் நாம்ஜூன் என்று தொடங்கி ஏழு பேரின் முழுப் பெயர்களும் வரிசையாக வந்து, ஜியோன் ஜங்குக்கில் முடிந்து, இறுதியில் பிடிஎஸ் என்று உரக்க ஒலிக்கும். அன்றுவரை பிடிஎஸ் இந்தியாவில் கச்சேரி நடத்தியதில்லை; அந்த அறையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அவர்களை நேரில் கண்டதும் இல்லை. ஆயினும் ஒரு பெயர்கூடத் தாளம் தவறாமல் எல்லோரும் முழங்கினார்கள். என்றேனும் ஒருநாள் அவர்கள் இங்கு வந்து மேடையேறினால் அந்த நிமிடத்தில் நாம் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பயிற்சி. மகளோடு வந்திருந்த ஓர் அம்மா, "பாஷை தெரிஞ்சுதான் பாடுறீங்களாம்மா?" என்று என்னிடம் கேட்டார். சிலர் முறையாகக் கொரியம் படிக்கிறார்கள், மற்றவர்கள் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்கிறோம் என்றேன். இரண்டாம் முறை முழங்கியபோது அவரும் மகளின் தாளைப் பார்த்துக்கொண்டே சேர்ந்து சொன்னார்.

அக்டோபர் 13 குழுவின் இன்னொரு பாடகரான ஜிமினின் பிறந்தநாள். அதற்கு உதவ விரும்புவோர் பெயர் கொடுக்கலாம் என்று புறப்படும்போது அறிவித்தார்கள். உறைகளை வெட்டி ஒட்டும் வேலைக்கு நான் என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.