மணலில் ஆணி நிற்காது

கூடாரத்தை முதன்முதலில் விரித்தது காரைக்குடியில், எங்கள் வீட்டு வளவில், அதாவது தூண் வைத்த உள்முற்றத்தில். சென்னையில் வேலை பார்க்கும் பங்காளி வீட்டுத் தம்பி ஆன்லைனில் வாங்கி வந்திருந்தான். மூன்று பேர் படுக்கலாம் என்று பையில் எழுதியிருந்தது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆணியை எங்கே அடிப்பது? கயிறுகளை இழுத்து மரத்தூண்களில் கட்டி, ஒரு மூலைக்கு மட்டும் பித்தளை அண்டாவைத் தூக்கி வைத்தோம். அப்பத்தா தூணோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏப்பா, இம்புட்டுப் பெரிய வீட்ட விட்டுட்டு, துணிக்குள்ள படுக்கவா அம்புட்டுத் தூரம் போறீக?"

கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் நாங்கள் முடிவு செய்துவிட்டோம். மாசியில் ஒரு சனி, ஞாயிறு. கடலோரம் ஒரு ராத்திரி, மறுநாள் நீளமாக ஒரு நடை. செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஊர் சுற்றுவது என்றால் கொடைக்கானல்தான். இத்தனைக்கும் தேவகோட்டை, திருவாடானை தாண்டினால் தொண்டி, கடல் வந்துவிடும். அந்தக் கடலுக்கு நாங்கள் போவது அமாவாசைக்கு முழுகவும் மீன் வாங்கவும்தான்.

தம்பி வரைபடத்தில் தீவுகளைக் காட்டினான். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 1986இல் அறிவித்தது. பாம்பன் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகள், மொத்தம் 560 சதுர கிலோமீட்டர். 1989இல் சுற்றிலும் 10,500 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகமாக ஆக்கினார்கள். "ஆள் இல்லாத தீவுண்ணே, ஒரு ராத்திரி படுத்தா யாருக்கு என்ன?" என்றான். சரி, கேட்டுப் பார்ப்போம் என்று வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பொறுமையான மனிதர். நான் முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, "தீவுல ராத்திரி தங்கவே முடியாது சார்" என்றார். அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றமாம். குருசடைத் தீவுக்கு மட்டும் பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகு உண்டு, அதுவும் பகலில் போய்த் திரும்புவதற்கு.

தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு அப்படி ஒன்றும் ஏமாற்றம் இல்லை. சின்னப்பாலம், மண்டபம் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவுகளைச் சுற்றி முங்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்தவர்கள். பூங்கா வந்த பிறகு அவர்களுக்கே கெடுபிடி. வார இறுதிக்கு வந்து போகிற எங்களுக்குக் கதவு திறக்கவில்லை என்று எந்த வாயால் குறைப்படுவது? அந்த 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இப்போது கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்க எதுவும் இல்லாமல் நீருக்குள் போய்விட்டன. இதைச் சொன்னபோது தம்பி வளவுச் சுவரைத் தடவிப் பார்த்தான். கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் போட்டு இழைத்த சுவர். இன்றைக்கும் முகம் தெரியும். "இதுவும் கடல்ல இருந்து வந்ததுதானே?" என்றான். பவளப்பாறை வேறு, கிளிஞ்சல் வேறு என்று சொன்னேன். ஆனாலும் அவன் கேட்டது மனதில் நின்றுவிட்டது.

அடுத்த யோசனை தனுஷ்கோடி. அங்கும் பொழுது சாய்ந்தால் சோதனைச்சாவடியில் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். மலைப் பக்கம் போகலாம் என்றாலும் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் இறுகிவிட்டன. இப்போது வனத்துறை திறந்துவிட்ட பாதைகளில் முன்பதிவு செய்துதான் ஏற வேண்டும். கடைசியில் அப்பச்சியே வழி சொன்னார் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்). உச்சிப்புளிப் பக்கம் அவருடைய சிநேகிதருக்குக் கடலை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு. போனில் இரண்டு நிமிடம். "படுத்துக்கச் சொல்லு, ஆனா மரத்தடியில படுக்க வேண்டாம், காய் விழும்." இரண்டு வாரமாக நாங்கள் தேடிய விஷயம் இப்படி முடிந்தது.

நாள் குறிப்பதில் மட்டும் நாங்கள் சரியாக இருந்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையும் புயலும். சித்திரையில் மணல் காலைப் பொரித்துவிடும். ஆடி அமாவாசை, தை அமாவாசை, சிவராத்திரி வாரங்களில் ராமேசுவரத்தில் நிற்க இடம் கிடைக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நல்ல மீன் வேண்டுமென்றால் அதற்கு முன்பே போய்விட வேண்டும். தெரியாதவர்களுக்கு இன்னொன்று: அங்கே கடல் ஒன்று இல்லை, இரண்டு. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அலையில்லாமல் குளம் மாதிரிக் கிடப்பது பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். வாடைக் காற்றில் வடக்கு கலங்கும், கச்சான் காற்றில் தெற்கு. மாசியில் இரண்டும் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்பது கணக்கு.

சாப்பாட்டுக்கு ஆத்தா பொறுப்பு. கெட்டியாகக் காய்ச்சிய புளிக்காய்ச்சலில் கிளறிய சோறு, எள்ளு மிளகாய்ப்பொடியில் எண்ணெய் விட்டுப் புரட்டிய இட்லி, ஒரு டப்பா சீப்புச் சீடை, ஒரு டப்பா மாவுருண்டை. தம்பி அடுப்பும் சின்ன சிலிண்டரும் வாங்கி வந்திருந்தான். அதில் டீ மட்டும் போட்டோம். நடைக்கு அப்பச்சி பொறுப்பு. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர். "புதுச் செருப்பு, புது ஷூ எதுவும் ஆகாது. முந்தின நாள் ராத்திரி பாதத்துல விளக்கெண்ணெய் தடவிட்டுப் படுங்க." தம்பி நாலாயிரத்துக்கு வாங்கிய புது ஷூவைக் காட்டினான். அப்பச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் கீழே வைத்தார்.

சனிக்கிழமை விடியலில் கிளம்பி, தொண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினோம். காரங்காட்டில் ஊர்க்காரர்கள் வனத்துறையோடு சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். ஒரு மணி நேரம். வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் முனை மாதிரி மேல்நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் படகுக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கம்பு ஊன்றித் தள்ளினார். நாரையும் கொக்கும் எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. குந்துகாலில்தான் அதிர்ஷ்டம் இல்லை. விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து வந்து பாம்பனில் கரையேறியதன் நினைவு மண்டபம் அங்கே இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று குருசடையைப் பார்த்ததோடு சரி. அன்றைக்குத் தென்காற்று, படகு விடவில்லை. மாசி அடங்கியிருக்கும் என்ற எங்கள் கணக்கு மாசிக்குத் தெரியாது போல.

திரும்பும் வழியில் மண்டபம் ஊரில் ஒரு டீக்கடை. தம்பி கடைக்காரரிடம், "அண்ணே, கேம்ப் போடச் சாமான் கொஞ்சம் வாங்கணும், கயிறு, சாக்கு, எங்க கிடைக்கும்?" என்றான். அவருக்குக் காதில் விழுந்தது முதல் சொல் மட்டும். "கேம்ப்புக்கா? நேராப் போயி ரயில்வே டேசன் பக்கம் திரும்புங்க. யாரைப் பாக்கணும்? எந்த லைன்?" என்றார். ஒரு நிமிடம் எங்களுக்குப் புரியவில்லை. புரிந்ததும் தம்பி டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த ஊரில் கேம்ப் என்றால் ஒன்றுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளை அனுப்புவதற்கு முன் நோய் இருக்கிறதா என்று பார்க்க வெள்ளைக்காரன் காலத்தில் அடைத்துவைத்த இடம். பிறகு, போர் துரத்திப் படகில் வந்த இலங்கைத் தமிழர்களுக்கு அதுவே அகதிகள் முகாம். 2021இல் அரசு அகதி என்ற சொல்லை எடுத்துவிட்டு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. ரயில் நிலையத்தின் பெயரே மண்டபம் கேம்ப். அங்கேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பயணம் முழுக்க நாங்கள் இருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கூடாரம் என்றே சொன்னோம்.

தோப்புக் காவல்கார அண்ணன் எங்களுக்காகக் காத்திருந்தார். மரங்களை விட்டுத் தள்ளி, அடப்பங்கொடி படர்ந்த மேட்டில் இடம் காட்டினார். தம்பி ஆணியை அடித்தான். ஒரே இழுப்பில் கையோடு வந்தது. சாய்த்து அடித்தான். அதுவும் வந்தது. மணல் கூடாரத்தைப் பிடித்துக்கொள்ளாது என்பது பையில் எழுதியிருக்கவில்லை. காவல்கார அண்ணன் சிரிக்காமல் உள்ளே போய் நாலு உரச்சாக்கு கொண்டுவந்தார். "ஆணிய அடிக்காதீக தம்பி. சாக்குல மணல அள்ளி, நடுவுல கயித்தக் கட்டி, முழங்கால் ஆழத்துக்குப் பொதைங்க." குழி தோண்டி, சாக்கைக் குறுக்கே படுக்கப் போட்டு, மேலே மணலைத் தள்ளி மிதித்தோம். பிறகு தம்பியும் நானும் சேர்ந்து கயிற்றை இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை. இந்த ஒரு வித்தைக்காகவே இவ்வளவு தூரம் வந்தது தகும்.

ஆனால் கூடாரம் நின்றதே தவிர, உள்ளே படுக்க முடியவில்லை. காற்று வராமல் புழுங்கியது. ஜிப்பைத் திறந்தால் கொசு. பன்னிரண்டு மணிக்கு மேல் காற்று கூடி, துணி படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. தம்பி பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தான், நானும் வந்தேன். காற்றில் கொசுவும் போய்விட்டது. பெண்கடல் சத்தமே இல்லாமல் கிடந்தது. தூரத்தில் நாட்டுப்படகு விளக்குகள் ஏழெட்டு. எட்டாயிரம் ரூபாய்க் கூடாரம் பக்கத்தில் காலியாக நிற்க, கோரைப்பாயில் படுத்து நன்றாகத் தூங்கினோம்.

ஞாயிறு காலை முகுந்தராயர் சத்திரத்தில் காரை விட்டோம். அங்கிருந்து தனுஷ்கோடி வழியாக, நிலம் முடியும் அரிச்சல்முனை வரை சாலை 9.5 கிலோமீட்டர். 2017இல் திறந்தது. வெயில் ஏறுவதற்குள்ளும், வேன்கள் வரிசை கட்டி வருவதற்குள்ளும் முடித்துவிட வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தலைக்குத் துண்டு. இடது கையில் பெண்கடல், வலது கையில் ஆண்கடல், நடுவில் நாங்கள். வழியெல்லாம் ராவணன் மீசைப் புல். முள் பந்தாகக் காற்றில் உருண்டு சாலையைக் கடக்கிறது. தேங்கிய நீரில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூநாரைக் கூட்டம் தலையைக் கவிழ்த்து மேய்ந்தது. 2025இல் அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். கிட்டே போகாமல் நின்று பார்த்தோம்.

நாலாவது கிலோமீட்டரில் தம்பியின் குதிகாலில் கொப்புளம். அப்பச்சியை இருவருமே நினைத்துக்கொண்டோம், வாயைத் திறக்கவில்லை. ஷூவைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஈர மணலில் வெறுங்காலோடு நடந்தான்.

பழைய தனுஷ்கோடி ஊர் வந்ததும் உட்கார்ந்தோம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஊரோடு ஒரு ரயிலும் போயிற்று. தேவாலயத்தின் சுவர்களில் பூச்சு உதிர்ந்து, அடுக்கிய பவளக்கல் வெளியே தெரிகிறது. தம்பி அதைத் தொட்டுப் பார்த்தான், வளவுச் சுவரைத் தொட்ட மாதிரியே. ரயில் நிலையத்தில் ஓரிரு சுவர்தான் மிச்சம். 1914 முதல் போட் மெயில் இங்கே வந்து நிற்கும்; இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில், கொழும்பு. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, கொழும்புச் செட்டியார் தெருவுக்குக் கணக்கு எழுதப் போனது இந்த வழியில்தான். அவருடைய தகரப்பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது, அப்பத்தா அதில் வெற்றிலைப் பாத்திரங்களைப் போட்டு வைத்திருக்கிறார். அந்தப் பெட்டி இந்த மணலில் எந்த இடத்தில் இறங்கியிருக்கும் என்று பார்த்தேன். எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது.

குடிசை ஓரமாக ஒரு அம்மா மணலில் பள்ளம் தோண்டி உட்கார்ந்திருந்தார். இடுப்பளவு கூட இல்லை. அடியில் நீர் மெல்ல ஊறி நின்றது. சிரட்டையால் கலங்காமல் அள்ளிக் குடத்தில் ஊற்றினார். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நல்ல தண்ணீர். "குடிச்சுப் பாருங்க" என்று சிரட்டையை நீட்டினார். உப்பே இல்லை. எங்கள் ஆறு லிட்டர் பாட்டில்களை அவர் பார்க்காதபடி பையைத் திருப்பி வைத்தேன்.

அரிச்சல்முனைத் தூணைச் சுற்றிவிட்டு அரசுப் பேருந்தில் திரும்பினோம். போகவர நடப்பதாகத்தான் திட்டம், கொப்புளம் ஒப்புக்கொள்ளவில்லை. வரும்போது ஆர்.எஸ். மங்கலம் வழி. அங்குள்ள கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்பார்கள். கரையில் நிறுத்தி மிச்சமிருந்த சீடையை முடித்தோம்.

வீட்டுக்கு வந்து கூடாரத்தை மாடியில் உதறிக் காயப்போட்டேன். மறுநாள் சாயங்காலம் எடுக்கப் போனால், அது ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. நாலு மூலைக்கும் அம்மிக்கல், குழவி, செங்கல். வெளித்துணியைக் கழற்றிவிட்டு வலையை மட்டும் விட்டிருந்தார்கள். உள்ளே வேட்டி விரித்து, வரிசை வரிசையாக அரிசி வடகம். மதில்மேல் இரண்டு காக்கை, செய்வதறியாமல் உட்கார்ந்திருந்தன. அப்பத்தா ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே, "இத பங்குனி முடியிற வரைக்கும் கேக்காதீக" என்றார்.