மாளிகை போயிற்று, புறா மாடம் நிற்கிறது

இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகரிலிருந்து கிழக்கே நான்கு மைல் தொலைவில் இருக்கிறது வில்லிங்டன் என்ற ஊர். 1960களின் இறுதியில் கைவிடப்பட்ட ரயில் பாதை சைக்கிள் வழியாக மாற்றப்பட்டிருப்பதால், ஏற்ற இறக்கம் தெரியாமல் அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன். நான் தேடிப் போனது ஒரு பெரிய மனிதரின் மாளிகையை அன்று. அவருடைய புறாக்களும் குதிரைகளும் குடியிருந்த இடத்தை.

அந்தப் பெரிய மனிதர் சர் ஜான் காஸ்ட்விக். எட்டாம் ஹென்றி மன்னரின் முதன்மை அமைச்சராயிருந்த கார்டினல் உல்சியிடம் பணியாற்றி, பின்னர் மன்னரின் அமைச்சரான தாமஸ் குரோம்வெலின் கீழ் அரசுப் பணத்தைக் கையாண்டவர். 1529இல் இந்தப் பண்ணையை விலைக்கு வாங்கினார். 1541இல் எட்டாம் ஹென்றி மன்னரே இங்கு விருந்தினராக வந்தாராம். அப்பேர்ப்பட்ட மாளிகை இன்று இல்லை. சாலைக்கு இருபுறமும் எதிரெதிராக நிற்கும் லாயமும் புறா மாடமுந்தான் மிச்சம். மன்னர் கலைத்த கிறிஸ்தவ மடங்களின் கற்களால் இவை கட்டப்பட்டன என்று ஊரில் சொல்கிறார்கள்.

புறா மாடத்தை முதலில் பார்ப்பவர் தேவாலயம் என்றே நினைப்பார். பக்கச் சுவர்களின் உச்சி, படிக்கட்டை நிறுத்தி வைத்தாற்போல் இருபுறமும் ஏறி இறங்குகிறது. கூரை இரண்டு அடுக்கு. மேலடுக்கிற்கும் கீழடுக்கிற்கும் நடுவில் விடப்பட்ட நீண்ட இடைவெளிதான் புறாக்களின் வாசல். தன்னார்வலர் ஒருவர் பூட்டைத் திறந்துவிட்டார். உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சி முகத்தில் அறைந்தது. தரையிலிருந்து கூரைவரை, நான்கு சுவர்களிலும் வரிசை வரிசையாகப் பொந்துகள், ஏறத்தாழ 1,500. நம் ஊர்க் கோபுர மாடங்களில் தானாகக் குடியேறும் பறவைக்கு ‘மாடப்புறா’ என்று பெயர் வைத்தோம். இங்கே அதற்கென்றே கல்லில் மாடம் எடுத்திருக்கிறார்கள், அன்பினால் அல்ல, இறைச்சிக்காக. பறக்கத் தொடங்குமுன், நான்கு வார அளவில், குஞ்சுகளை எடுத்துவிடுவார்கள். எச்சம் வயலுக்கு எருவாகும். இத்தகைய மாடம் வைத்துக்கொள்ளும் உரிமை பண்ணையாருக்கே இருந்ததால், அவருடைய புறாக்கள் குடியானவனின் தானியத்தைத் தின்றாலும் அவன் வாய் திறக்க வழியில்லை. கட்டடத்தின் அழகை மெச்சுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது என்றே எனக்குப் பட்டது.

எதிரே உள்ள லாயம் சற்று எளிமையானது. ஆனால் அதன் மாடியில் கணப்பு அடுப்பு ஒன்று உண்டு. அதன் கல்லில் ‘ஜான் பனியன் 1650’ என்று செதுக்கப்பட்டிருக்கிறது. ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ என்ற புகழ்பெற்ற கிறிஸ்தவ நூலை எழுதியவரும், பிற்காலத்தில் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தவருமான போதகர் பனியன் அருகிலுள்ள எல்ஸ்டோவில் பிறந்தவர்; அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிரம்பியிருக்காது. அவரே வெட்டியதா, பின்னாளில் எவரேனும் வெட்டியதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எழுத்தின் பள்ளத்தைக் கைப்பேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். விளையாட்டாகக் கீறியதாகத் தோன்றவில்லை, நேரமெடுத்துச் செய்த வேலை.

இரண்டு கட்டடங்களும் பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பில் உள்ளன. வெளிப்புறத்தைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்; உள்ளே போக விரும்புகிறவர்கள் திறக்கும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து செல்வது அவசியம்.